வால் கணக்கில் வராது

அவள் குரலைக் கேட்காத காது அந்த ஊரில் இல்லை. இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் உதவி எண்ணை யார் அழைத்தாலும் முதலில் பேசுகிறவள் அவள்தான். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று தேன் ஒழுகச் சொல்வதும் அவள். புகார் சொல்ல இரண்டை அழுத்தச் சொல்வதும், இரண்டை அழுத்தியவரை அரைமணி நேரம் தவிக்க விட்டுவிட்டு "தவறான தேர்வு" என்று மூஞ்சியில் அடிப்பதும் அவளேதான். எல்லாம் எப்போதோ பதிவு செய்து கொடுத்தவை. அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளுக்கு 'ஒண்ணை அழுத்து' என்று பெயர். மாடிப்படியில் எதிரே வரும் பிள்ளைகள் அவள் தோளில் ஒரு விரலால் அழுத்திவிட்டு ஓடுவார்கள்.

கட்டளை போட்டுப் போட்டே தொண்டை வறண்டவளுக்கு ஒரு கதை படிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வெளிநாட்டில் ஒலிப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகம் அந்த ஆசையைக் கேட்டது போல ஒரு துப்பறியும் நாவலை அனுப்பி, படித்துத் தரச் சொன்னது. அட்டையில் அவள் பெயர் வரும். அவள் குரலில் மனிதர்கள் காதலிப்பார்கள், பொய் சொல்வார்கள், சாவார்கள். யாரும் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

படுக்கையறைத் துணி அலமாரிதான் அவளது ஒலிப்பதிவுக் கூடம். தொங்கும் துணிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால் எதிரொலி வராது. வெளியே கணவர் செய்தித்தாளைப் புரட்டினால்கூட உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். "ஏங்க, சும்மா இருங்க. உள்ள கொலை நடக்குது."

கணவர் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகத்தில் இருந்தார். ஊரில் உள்ள வியாபாரிகள் எல்லாம் அவரைக் கண்டால் எடைக்கல்லைத் துடைப்பார்கள். வீட்டில் அவர் பேச்சு எடுபடுவது அபூர்வம்.

பதிவெல்லாம் பழுதில்லாமல் முடிந்தது. அனுப்புவதில்தான் சனி பிடித்தது. செருப்பு அலமாரிக்கு மேலே நாலு விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரவுட்டர், வெளியிலிருந்து எது வந்தாலும் கொட்டியது. இரண்டரை மணி நேரப் படம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து விழும். வீட்டிலிருந்து எதையாவது வெளியே அனுப்பச் சொன்னால் மட்டும் மாமியார் வீட்டுக்குப் போகும் புது மருமகள் மாதிரி கால் தயங்கும். தட்டுத் தடுமாறித் தொண்ணூறு விழுக்காடு வரை ஏறும். அங்கே நின்றுவிடும். உடனே பச்சை விளக்கு எரிந்து 'முழுமையாக அனுப்பப்பட்டது' என்று திரையில் வரும்.

பதிப்பகத்து அம்மா ஒருநாள் அழைத்தார்.

"அத்தியாயம் எல்லாத்துக்கும் வால் அறுந்து வருதும்மா. நாயகன் 'உன்னை விட்டுட்டுப் போறவன் நான் இல்லை'ன்னு சொல்லணும். நீங்க அனுப்புனதுல 'உன்னை விட்டுட்டுப் போறவன் நான்'னு நிக்குது. கேட்டுப் பாக்கக் குடுத்தோம், பாதிப் பேர் அவனைத் திட்டுறாங்க."

"நான் முழுசாத்தான் படிச்சேன்மா."

"தெரியுது. கடைசி அத்தியாயத்துல துப்பறிவாளர் 'கொன்றது வேறு யாருமில்லை'ன்னு சொல்றாரு. அதோட சரி. யாருன்னு சொல்ல வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசா வரலைன்னா வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியிருக்கும். வருத்தப்படாதீங்க."

வேறு வழி தேடிப் பார்த்தாள். அந்த வட்டாரம் முழுவதற்கும் அந்த ஒரே நிறுவனம்தான். நகல் எடுக்கும் கடையிலும் அவர்கள் இணைப்பு, கைப்பேசிக்கும் அவர்கள் கோபுரம். கடைசியில் உதவி எண்ணை அழைத்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றாள் அவளே அவளிடம். இந்தப் பொய்யை இவ்வளவு நன்றாகவா சொல்லித் தொலைத்தோம் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இடையில் பொறுமை இழந்து பூஜ்ஜியத்தை அழுத்தியபோது, "தவறான தேர்வு" என்று தன்னாலேயே கண்டிக்கவும் பட்டாள்.

காது சூடேறிய பிறகு ஒரு 'இணைப்பு நல ஆலோசகர்' வந்தார். அவள் வணக்கம் சொன்னதுமே அவர் குரல் மாறியது.

"மேடம், உங்க குரல் எங்க மெஷின் குரல் மாதிரியே இருக்கு. மெஷின்கிட்ட புகார் வாங்கக் கூடாதுன்னு எங்களுக்கு விதி."

"அது நான்தாங்க. என்னை வச்சுத்தான் பதிவு பண்ணாங்க."

"மெஷினும் அப்படித்தான் சொல்லும் மேடம். நீங்க மனுஷிதான்னு நிரூபிக்க ஒரு தடவை கோபப்படுங்க, போதும்."

அவள் கோபப்பட்டாள். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ரொம்ப நன்றி மேடம். மெஷினுக்கு இவ்வளவு வராது," என்றார் ஆலோசகர். "புகாரைப் பதிவு பண்ணிட்டேன். இந்த நிமிஷத்துலேருந்து உங்க ரவுட்டர் சிறப்புக் கண்காணிப்புல இருக்கு."

மறுநாள் வேகம் இன்னும் குறைந்தது. மறுபடி புகார் கொடுத்தாள், மறுபடி குறைந்தது. ஐந்தாவது புகாருக்குப் பிறகு ஒரு படத்தை அனுப்பினால் நெற்றி போய்ச் சேர்ந்து, மூக்குக்காக எதிர்முனையில் காத்திருக்க வேண்டிய நிலை. அப்போதுதான் நிறுவனம் தன் 'கள நிபுணரை' அனுப்பிவைத்தது.

நிபுணர் உள்ளே வந்ததும் ரவுட்டரைப் படம் எடுத்தார். ரவுட்டரோடு தன்னைப் படம் எடுத்தார். பிறகு அவளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"சிரிங்க மேடம். சிரிக்காத வாடிக்கையாளரை சிஸ்டம் ஏத்துக்காது."

அவள் பல்லைக் காட்டினாள். அது சிரிப்பில் சேர்த்தியா என்பதை சிஸ்டம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. அதன்பின் நிபுணர் தன் மடிக்கணினியைச் செருகிப் பார்த்து, உச்சுக் கொட்டினார்.

"மேடம், உங்க லைன்ல ஒரு குறையும் இல்லை. அப்லோடு ஜோராத்தான் இருக்கு. ஆனா அதுல முக்கால்வாசி எங்களுக்கே வருது."

"உங்களுக்கு என்ன வருது?"

"கண்காணிப்பு அறிக்கை. உங்க ரவுட்டர் 'எனக்கு உடம்பு சரியில்லை, எனக்கு உடம்பு சரியில்லை'ன்னு எங்க ஆபீசுக்கு ஓயாம அனுப்பிக்கிட்டே இருக்கு. ஒரு புகாருக்கு ஒரு கண்காணிப்பு. நீங்க அஞ்சு குடுத்திருக்கீங்க, அஞ்சு ஓடுது."

"அந்த அஞ்சையும் நிறுத்திடுங்க. சரியாப் போயிடும்."

"எப்படி நிறுத்துறது? புகார் முடிஞ்சாத்தான் கண்காணிப்பு நிக்கும். வேகம் வந்தாத்தான் புகார் முடியும். வேகம் வரணும்னா..."

"கண்காணிப்பு நிக்கணும்," என்றாள் அவள்.

நிபுணர் அவளை மரியாதையோடு பார்த்தார். "சட்டுன்னு பிடிச்சுக்கிட்டீங்க மேடம். எங்களுக்கு இதைப் புரிய வைக்க மூணு மாசம் பயிற்சி குடுத்தாங்க."

கணவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே விடுப்புப் போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனார். முன்பு அவள் போய்ப் பதிவு செய்துகொண்டிருந்த ஒலிப்பதிவுக் கூடம் அங்கே இல்லை. செலவைக் குறைப்பதற்காக அதை மூடி, தலைவர் வாங்கிய கோப்பைகளை வைக்கும் அறையாக மாற்றியிருந்தார்கள். வாடிக்கையாளர் திருப்திக்கான கோப்பைதான் அதில் பெரியது. அதற்குள் காபிக் கரண்டிகள் கிடந்தன.

மேல்முறையீட்டு அதிகாரி என்பவர் நல்ல சட்டை போட்ட, நிதானமான மனிதர். குறையை முழுக்கக் கேட்டார். கேட்கும்போது தலையை அசைக்கவும் செய்தார். பிறகு பேசினார்.

"அம்மா, இணைப்புன்னா என்ன? நாங்க குடுப்போம், நீங்க வாங்கிப்பீங்க. இதுல நீங்க எங்களுக்குக் குடுக்கறதுக்கு என்ன இருக்கு? வாடிக்கையாளர்கிட்டேருந்து எங்களுக்கு வர வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒண்ணு கட்டணம், இன்னொண்ணு பாராட்டு. ரெண்டும் ரொம்பச் சின்ன விஷயம். அதுக்கு இவ்வளவு அகலமான பாதையே அதிகம்னு எங்க பொறியாளருங்க சொல்றாங்க. உங்க மேல உள்ள அக்கறையிலதான் இதை விட்டு வச்சிருக்கோம்."

"என் வேலை போயிடும் சார். கதையோட வால் எல்லாம் அறுந்து போகுது," என்றாள் அவள்.

"தொண்ணூறு போய்ச் சேருதா?"

"சேருது."

"அப்ப அது முழுமை. இது எங்க தரக் கொள்கை. ஒரு மாடு வாங்கறோம். வாலை அளந்து பாத்தா வாங்கறோம்? வால் கணக்குல வராதும்மா."

கணவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கிலோவுக்குத் தொள்ளாயிரம் கிராம் போட்டா நான் அந்தத் தராசையே தூக்கிட்டு வந்துடுவேன், தெரியுமா?"

"அது பொருள் சார். இது சேவை. சேவையை எடை போட முடியாது, அதுதான் அதோட பெருமையே," என்றார் அதிகாரி. பிறகு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து, அந்தச் சந்திப்பை ஆறாவது புகாராகப் பதிவு செய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. பதிப்பகத்து அம்மா ரொம்பத் தன்மையாகப் பேசி, நாவலை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குள் எவ்வளவு அழுதாலும் வெளியே கேட்காது. அது தொழில் வசதி. கணவர் வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, செய்தித்தாளைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் அது அழுத சிவப்பு மட்டும் இல்லை. அவர்களை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

எப்படி என்பதை நிறுவனமே போன் போட்டுச் சொன்னது. விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் உற்சாகமாகப் பேசினார்.

"மேடம், நம்ம நிறுவனத்துக்கு ஆண்டு விழா. தலைவர் வாடிக்கையாளருக்கு உறுதிமொழிகள் எழுதியிருக்காரு, அவரே உக்காந்து எழுதினது. உதவி எண்ணுல காத்திருக்கறவங்களுக்கு இனிமே பாட்டு கிடையாது, இதுதான் ஓடும். நீங்க வீட்டுல பேசி அனுப்பிடுங்க. ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது."

உறுதிமொழிகள் வந்து சேர்ந்தன. வருவதற்குத்தான் அந்த வீட்டில் தடையே கிடையாதே. அவள் நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க உட்கார்ந்தாள். தலைவருக்குத் தன் நிறுவனம் என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியவில்லை, பாவம். என்ன செய்வதில்லை என்று மட்டும்தான் எழுதியிருந்தார். 'உங்கள் நேரத்தை வீணாக்குவது எங்கள் கொள்கை அல்ல.' 'உங்களைக் காக்க வைப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி இல்லை.' 'வாடிக்கையாளரை ஏமாற்றிப் பிழைக்கும் நிறுவனம் இது அல்ல.' இப்படியே கடைசி வரை.

நல்லது கெட்டது இரண்டையும் வாலில் முடிந்து வைக்கும் மொழி நம்முடையது. அறுந்த வாலால் ஒரு நாவலையே பறிகொடுத்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் விளம்பரப் பிரிவை அழைத்தாள்.

"அனுப்புனதும் முழுசா வந்திருக்கான்னு கேட்டுப் பாப்பீங்களா?"

"அதெல்லாம் யார் கேக்கறா மேடம். தொண்ணூறு வந்தா சிஸ்டமே பச்சை காட்டி நேரா போட்டுடும்."

"ரொம்ப நல்லது," என்றாள் அவள், தேன் குரலில்.

அலமாரிக்குள் போய்ப் பேசினாள். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மட்டும் ஒரு மூச்சு இடைவெளி விட்டாள். நல்ல கத்தரிக்கோலுக்கு அவ்வளவு இடம் போதும். வெளியே வந்து உதவி எண்ணை அழைத்து, நிதானமாக இன்னொரு புகார் கொடுத்தாள்.

"இன்னுமா புகார்?" என்றார் கணவர்.

"கண்காணிப்பு பத்தலைங்க."

பிறகு ஒவ்வொரு வரியையும் தனித்தனிக் கோப்பாக அனுப்பினாள். ஒவ்வொன்றும் முக்கி முனகித் தொண்ணூறுக்கு ஏறி, நின்று, பச்சை காட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ரவுட்டரைப் பார்த்து அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. படம் எடுக்கத்தான் நிபுணர் பக்கத்தில் இல்லை.

உறுதிமொழிகள் ஓடத் தொடங்கின. நிறுவனத்தில் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் தங்கள் உதவி எண்ணை அழைக்கிற அளவுக்கு முட்டாள்கள் இல்லை. "உங்கள் நேரத்தை வீணாக்குவது எங்கள் கொள்கை" என்று கேட்ட வாடிக்கையாளர்களோ மனம் குளிர்ந்து போனார்கள். இவ்வளவு நாளில் முதல் தடவையாக உண்மை பேசுகிறார்களே என்று திருப்தி மதிப்பெண்களை வாரி வழங்கினார்கள். அந்த மதிப்பெண்களைப் பார்த்துத் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆண்டு விழா மேடையிலேயே உதவி எண்ணை அழைத்து, ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்க வைப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

விழா நேரலையாக வந்தது. படம் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. பதிவிறக்கத்துக்குத்தான் குறையே இல்லையே. அவளும் கணவரும் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். மேடை நிறையப் பூக்கள், முன்வரிசை நிறைய அமைச்சர்கள். தலைவர் போனை மைக்குக்கு அருகே பிடித்தார்.

"வாடிக்கையாளரை ஏமாற்றிப் பிழைக்கும் நிறுவனம் இது," என்றது அவள் குரல், மண்டபம் முழுக்க, கணீரென்று.

தலைவரின் புன்னகை இருந்த இடத்திலேயே உறைந்தது. யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் கை தட்டினார். தலைவர் போனை அணைக்கத் தடுமாறிய அவசரத்தில் குரலை இன்னும் கூட்டிவிட்டார். "உங்களைக் காக்க வைப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி," என்றது அது.

கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நாவலின் அட்டையில் வந்திருக்க வேண்டிய தன் பெயரை நினைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் அவளுக்குச் சுகமாக இருந்தது.

அவள் வீட்டு அழைப்பு மணி கொஞ்ச நேரத்திலேயே அடித்தது. மேல்முறையீட்டு அதிகாரி. நல்ல சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மா, வாக்கியம் எல்லாம் அரைகுறையா வந்திருக்கு."

"தொண்ணூறு வந்துச்சா சார்?"

அவர் தலை குனிந்தார். "வந்துச்சு."

"அப்ப முழுமை."

"எங்களுக்கு ஒரே ஒரு 'அல்ல' குடுங்கம்மா, போதும். அதை வச்சு ஒப்பேத்திக்கறோம். இந்த போன்ல சொல்லிடுங்க, கையோட கொண்டுபோறேன்."

"போன்ல சொன்னா தரம் வராது சார். அலமாரியில பேசி, முறையா உங்க லைன்லதான் அனுப்புவேன். ஏழு கண்காணிப்பு ஓடுது. அதை நிறுத்தச் சொல்லுங்க."

அதை நிறுத்தும் அதிகாரம் உதவி எண்ணுக்கு மட்டுமே உண்டு. அதிகாரி தன் வாழ்நாளில் முதல் தடவையாக அதை அழைத்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது. காக்க வைப்பதில் மகிழ்ச்சி என்றது. அவர் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார், நின்றார், கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சும்மா உக்காந்திருக்கீங்களே. ஒரு கதை கேளுங்க," என்று அவள் நாவலின் கடைசி அத்தியாயத்தை ஓடவிட்டாள்.

அவர்தான் அவளுக்குக் கிடைத்த ஒரே நேயர். நன்றாகத்தான் கேட்டார். போனைக் காதிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். வேலைக்காரி சாவியைத் தேடும் இடத்தில் உதட்டைக் கடித்தார். துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்து, "கொன்றது வேறு யாருமில்லை," என்றதும் அவள் நிறுத்திவிட்டாள்.

அதே நேரம் மடியில் ஆலோசகரின் குரல் கேட்டது. அதிகாரி பதறி எடுத்துத் தன் பதவியைச் சொன்னார். ஆலோசகர் அவரை நம்பாமல் ஒரு தடவை கோபப்படச் சொன்னார். அவர் பட்டார். ஏழு கண்காணிப்புகளும் நின்றன, அவர் போட்ட சத்தத்தில் பாதையும் முழுசாகத் திறந்தது. அவள் அலமாரிக்குள் போய், ஒரே ஒரு 'அல்ல' சொல்லி வந்து அனுப்பினாள். வாலும் தலையுமாக அது கண் மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது.

அதிகாரி எழுந்து வாசல் வரை போனார். திரும்பி வந்தார்.

"அம்மா, கொன்னது யாரு?"

"தொண்ணூறு கேட்டுட்டீங்க சார். வால் கணக்குல வராது," என்று அவள் கதவைச் சாத்தினாள்.

அலுவலகத்தில் அந்த ஒரு சொல்லைத் தங்கம் போல வாங்கி வைத்தார்கள். எந்தெந்த அறிவிப்பில் வால் அறுந்திருக்கிறது என்று உட்கார்ந்து கேட்டுப் பார்க்க அங்கே ஆள் இல்லை. உத்தரவு போட மட்டும் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆகவே, உதவி எண்ணில் ஒலிக்கும் எல்லா அறிவிப்புகளின் முடிவிலும் உடனடியாக 'அல்ல' சேர்க்கவும் என்று உத்தரவு போட்டார்கள்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே அவள் உதவி எண்ணை அழைத்து, கணவருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது," என்றது அவள் குரல். ஒரு மூச்சு விட்டது. "அல்ல."

கணவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத தராசு ஒன்றைக் காற்றில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இப்பதான் முள்ளு நடுவுல நிக்குது," என்றார்.